பருத்தி வெடிக்கும் பங்குனி: விருதுநகருக்கும் ஒரு வசந்தம் உண்டு

இந்த எபிசோடை ஒரு ரீல்ஸில் இருந்து ஆரம்பிக்கலாம்.

மார்ச் மாசம் வந்தா போதும், நம்ம போன் முழுக்க ஸ்பிரிங்தான். சிசிலி, கிரீட் மாதிரி ஏதோ ஒரு மத்தியதரைக் கடல் தீவு. வெள்ளைச் சுவர் வீடுகள், கல் பாவிய தெரு, ஊரைச் சுத்தி சிவப்பா காட்டுப்பூ. பார்த்துட்டு ஒரு பெருமூச்சு விட்டுட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவோம்.

அதே மார்ச்ல, சென்னையில் இருந்து தெற்கே போற ரயில்ல உட்கார்ந்திருக்கீங்கன்னு வைங்க. திருமங்கலம் தாண்டியாச்சு. ஜன்னலுக்கு வெளியே கருத்த மண், சீமைக் கருவேலம், தூரத்துல ஒரு தகரக் கூரை. "இந்தப் பக்கம் பார்க்க ஒண்ணுமே இல்லப்பா"ன்னு திரும்பவும் போனை எடுத்துருவோம்.

இன்னைக்குக் கேள்வி இதுதான். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, இந்த ஊர்களுக்கெல்லாம் வசந்தம்னு ஒண்ணு உண்டா? உண்டு. அது பார்க்க அழகா மட்டும் இருக்கல. ஊர்களையே கட்டி எழுப்புச்சு. அப்புறம் ஒரு கட்டத்துல காணாமப் போச்சு. அந்தக் கதைதான் இது.

மழை முடிஞ்ச பிறகு வர்ற பூ

நம்ம மரபில் வருஷத்துக்கு ஆறு பருவம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். இலக்கணப்படி வேனில் பாலைத் திணைக்கு உரிய பொழுது. அதாவது பிரிவுக்கும் வறட்சிக்கும் உரியது. விருதுநகர்க்காரங்க யாராவது இதைக் கேட்டா, "எங்க ஊரைப் பார்த்துட்டுத்தான் எழுதியிருப்பாங்க"ன்னு சொல்லுவாங்க.

ஆனா கரிசல் மண்ணுக்கு வேற ஒரு கணக்கு இருக்கு. இந்த வட்டாரத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும். மத்தியதரைக் கடல் தீவுகள்லயும் குளிர்காலத்துலதான் மழை, வசந்தத்துல பூ, கோடையில காய்ச்சல். அந்த வகையில ரெண்டு நிலமும் தூரத்துச் சொந்தம் மாதிரி.

கரிசல் மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். மேல் மண் காய்ஞ்சு பாளம் பாளமா வெடிச்சாலும் அடியில ஈரம் இருக்கும். அந்தச் சேமிப்பை நம்பித்தான் விதைப்பாங்க. மழையோடு விதைச்ச மானாவாரிப் பருத்தி, மழை நின்ன பிறகும் வேரை ஆழமா இறக்கி நிக்கும். நடுவில் அடர் சிவப்புப் பொட்டு வச்ச மாதிரி மஞ்சள் பூ பூக்கும். பூ உதிர்ந்து காய் பிடிக்கும். மாசியில் தொடங்கி பங்குனி, சித்திரை வரை அந்தக் காய்கள் வெடிக்கும்.

கறுப்பு மண்ணு மேல, கண்ணுக்கெட்டுற வரைக்கும் வெள்ளை. பக்கத்து நிலத்துல அறுத்துப் போட்ட மல்லி வாசம். ஓடைக்கரையில புங்கை பளபளன்னு புதுத் துளிர் விட்டிருக்கும். வேப்பமரம் பூத்து, காத்து அடிச்சா தரையெல்லாம் பொடிப்பொடியா பூ கிடக்கும். இதுதான் கரிசலின் வசந்தம்.

"பருத்தி வெடிச்சிருச்சு"ன்னுதான் அங்கே சொல்லுவாங்க. அந்த "வெடி"ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வரும்.

விடியலுக்கு முன்னாடி கிளம்பின பெண்கள்

இந்த வெள்ளை நிலத்தை ரசிக்கிறதுக்கு யாருக்கும் நேரம் இருக்கல. பருத்தி எடுக்கறது பெரும்பாலும் பெண்கள் வேலை. விடியக்காலையிலேயே காட்டுக்குப் போயிடணும். ஏன்னா பனி ஈரம் இருக்கும்போது காய்ந்த இலைச் சருகு நொறுங்காது. வெயில் ஏறிட்டா சருகு தூள் தூளாகிப் பஞ்சோட ஒட்டிக்கும், விலை குறையும். சேலையை மடியா கட்டி, எடுக்க எடுக்க அதுல போட்டுக்கணும். வெடிச்ச காயோட காய்ந்த முனை விரலைக் குத்திக்கிட்டே இருக்கும்.

பல ஊர்களில் கூலி காசா கிடைக்காது. எடுத்த பருத்தியில் ஒரு பங்குதான் கூலி. அந்தப் பங்கு கடைக்குப் போய் உப்பா, புளியா, பிள்ளைகளுக்குத் தின்பண்டமா மாறும். அந்த ரெண்டு மூணு மாசம் பருத்தியே கிட்டத்தட்ட பணம் மாதிரி புழங்கும்.

இப்போ கேமராவைக் கொஞ்சம் பின்னாடி இழுக்கலாம். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் ஆரம்பிக்குது. தென் மாநிலங்களின் பருத்தி இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களுக்குப் போறது நிக்குது. மில்காரங்க இந்தியா பக்கம் திரும்புறாங்க. அவங்களுக்கு நம்ம கரிசல் பருத்தியின் பெயர் 'டின்னெவெல்லி', அதாவது திருநெல்வேலிப் பருத்தி. சாத்தூர், விருதுநகர், சிவகாசி எல்லாம் அன்னைக்குத் திருநெல்வேலி மாவட்டம்தான். 1910-ல்தான் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகி அதோடு சேர்ந்தது.

விருதுநகருக்கு அப்போ பெயர் விருதுபட்டி. 1876-ல் மதுரையில் இருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை இந்த ஊர் வழியா வந்துச்சு. காட்டில் எடுத்த பருத்தி வண்டிப்பேட்டைக்கு வந்து, அரைச்சுக் கொட்டை பிரிச்சு, பொதியா கட்டி, ரயிலேறித் துறைமுகத்துக்குப் போச்சு. அந்த வியாபாரத்தில் வளர்ந்த ஊர்தான் 1923-ல் 'பட்டி'யில் இருந்து 'நகர்' ஆச்சு.

ஒரு மூட்டைக்கு இவ்வளவு

அந்தப் பணம் எங்கே போச்சுங்கிறதுதான் முக்கியமான விஷயம்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, இந்த ஆறு ஊர்களிலும் நாடார் வணிகர்கள் பேட்டை அமைச்சு வியாபாரம் செஞ்சாங்க. ஊருக்கு ஊர் உறவின்முறை அமைப்பு இருந்துச்சு. ஒவ்வொரு சரக்குப் பரிமாற்றத்திலும் ஒரு சின்னத் தொகையைப் பொதுநிதிக்கு எடுத்து வைப்பாங்க. அதுக்குப் பெயர் மகமை.

கையில் காசு இருந்தும் அவங்களுக்குப் பல கோயில்களின் கதவு திறக்கல. சிவகாசி விசுவநாத சுவாமி கோயிலுக்குள் போகும் உரிமை கேட்டு எழுந்த தகராறு முற்றி, 1899 ஜூன் 6 அன்று ஊரே தாக்கப்பட்டது. வீடுகள் எரிஞ்சது, உயிர்கள் போச்சு. 'சிவகாசிக் கொள்ளை'ன்னு வரலாற்றில் பதிவான நாள் அது. கமுதி கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல் நுழைவு கேட்டவங்களுக்கு எதிராகவே முடிஞ்சது.

அதனால மகமைப் பணம் சொந்தக் கோயிலாவும் சொந்தப் பள்ளிக்கூடமாவும் மாறுச்சு. விருதுநகரில் சத்திரிய வித்யாசாலா பள்ளி அப்படி வந்தது. வீட்டுக்கு வீடு தினமும் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வச்சு உதவினதால 'பிடியரிசி'ப் பள்ளின்னும் அதைச் சொல்லுவாங்க. 1903-ல் விருதுநகரில் பிறந்த காமராஜர் படிச்ச பள்ளி அது.

இப்போ பங்குனி மாசத்துக்கு வருவோம். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் தென் மாவட்டங்களில் பெரிய திருவிழா. மஞ்சள் உடுத்தி, வேப்பிலை ஏந்தி, தீச்சட்டி எடுத்து ஊரே தெருவில் நிற்கும். எந்த நாட்டில் இருந்தாலும் அந்த ஊர்க்காரங்க பங்குனிக்கு டிக்கெட் போட்டுருவாங்க. சிவகாசியிலும் மாரியம்மனுக்குப் பங்குனியில் பொங்கல், பத்திரகாளியம்மனுக்குச் சித்திரையில் பொங்கல்.

ஏன் பங்குனி? அம்மை வர்ற வெயில் காலம், மாரியம்மன் காலம், அது ஒரு காரணம். என் கணக்கில் இன்னொரு காரணமும் இருக்கு. பருத்தி வித்து, கையில் காசு புழங்குற நேரம் அது. நிலம் வெடிச்சு வெளுத்த அதே வாரங்களில் ஊர் மஞ்சளும் பச்சையுமா பூக்குது. யாரும் வாசலில் தடுக்க முடியாத தங்கள் சொந்தக் கோயில் முன்னாடி. அந்தக் கூட்டத்தை வெறும் பக்தியா மட்டும் பார்த்தா பாதிக் கதைதான் தெரியும்.

மீதிக் கதையில் ஒரு சங்கடம் இருக்கு. மகமைக் கணக்கில் வியாபாரி பெயர் இருக்கும். விடியலில் பருத்தி எடுத்த பெண்ணின் பெயர் எந்தக் கணக்கிலும் இருக்காது.

வெள்ளை மறைந்தது

1901-ல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு. நாட்டு ரகமான கருங்கண்ணியைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தினாங்க. ஆனா கருங்கண்ணி குட்டை இழைப் பஞ்சு. மில்களுக்கு நீள இழை வேண்டியிருந்தது. அந்த நீள இழை ரகங்களில் பலதுக்குப் பாசனம் வேணும். வானம் பார்த்த பூமிக்கு அது எட்டாது. கொஞ்சம் கொஞ்சமாப் பருத்தி சுருங்குச்சு. பிற்பாடு பல நிலங்களில் மக்காச்சோளம் வந்தது. சும்மா விட்ட நிலத்தில் சீமைக் கருவேலம் வந்தது. ரயில் ஜன்னலில் நாம பார்க்கிற "ஒண்ணுமே இல்ல"ங்கிற காட்சி, நிலத்தோட பழைய முகம் இல்ல. அது ஒரு தொழில் கைவிட்டுப் போன பிறகான முகம்.

சிவகாசி வேற வழி தேடுச்சு. மழையை நம்பிப் பிழைக்க முடியாதுன்னு தெரிஞ்ச ஊர் அது. 1923-ஐ ஒட்டி அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. விவசாயத்துக்குச் சாபமா இருந்த வெயில் இங்கே மூலதனம் ஆச்சு. குச்சி காயணும், மருந்து காயணும். பெட்டிக்கு லேபிள் வேணும்னு அச்சுத் தொழில் வந்தது. 1940-களில் பட்டாசு வளர்ந்தது.

ஒரு வேடிக்கை பாருங்க. உங்க பாட்டி வீட்டுச் சுவரில், பனிமலை, பூந்தோட்டம், கடலோர கிராமம்னு படம் போட்ட காலண்டர் தொங்கியிருக்கும் இல்லையா? அது சிவகாசியில் அச்சடிச்சதா இருக்க வாய்ப்பு அதிகம். தன் வசந்தத்தை இழந்த ஊர் மத்தவங்க வசந்தத்தை அச்சடிச்சு நாடு முழுக்க அனுப்பிச்சு.

பட்டாசிலும் பூதான். பேன்சி ரகம் மேலே போய் விரியும்போது சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளுக்கு சோடியம், பச்சைக்கு பேரியம். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செஞ்சது. அந்தப் பூக்களுக்குள்ள இருக்கிற மணி மருந்தை உருட்டி வெயிலில் காய வைக்கணும். ஆனா வெயில் மிஞ்சினாலும் ஆபத்து, உரசினாலும் ஆபத்து, சில கலவைகளுக்கு ஈரம் பட்டாலும் ஆபத்து. அதனால வெயில் ஏறுறதுக்குள்ள மருந்து வேலையை முடிக்கப் பார்ப்பாங்க. கம்பெனி வண்டி விடியலிலேயே கிராமத்துக்கு வந்துடும்.

கவனிச்சீங்களா? பாட்டி பனி ஈரத்துக்காக விடியலில் கிளம்பினாங்க. பேத்தி வெயிலுக்குப் பயந்து விடியலில் கிளம்புறாங்க.

இதுல குழந்தைகளும் இருந்தாங்க. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. விபத்துகள் மட்டும் இன்னும் நிக்கல. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 35-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம்: 20-க்கும் மேற்பட்டவங்க. அது மாசி மாசம் முதல் நாளை ஒட்டின தேதி. பழைய கணக்கில், அந்தக் காட்டில் பருத்தி வெடிக்க ஆரம்பிக்கிற நேரம்.

அதே வார்த்தைதான். "வெடிச்சிருச்சு"ன்னு ஒரு காலத்துல ஊரே சந்தோஷமா சொன்னாங்க. இன்னைக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தா, வீட்டில் இருக்கிறவங்க முதல்ல போனை எடுத்து, வேலைக்குப் போனவங்களைக் கூப்பிடுறாங்க.

பழைய காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரல. விரல் கிழியப் பருத்தி எடுத்தவங்களுக்கு அது ஒண்ணும் பிக்னிக் இல்ல. ஆலை வேலை கொடுத்த வாரச் சம்பளத்தால் படிச்சு மேலே வந்த குடும்பங்களும் நிறைய. நான் கேக்கறது இவ்வளவுதான்: ஒரு ஊரை "வறண்ட ஊர்"னு முத்திரை குத்துறதுக்கு முன்னாடி, அது எப்படி வறண்டது, அந்த வறட்சியில் யார் சம்பாதிச்சாங்க, யார் ஆபத்தைச் சுமந்தாங்கன்னு கேட்போம்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். கரிசல் பக்கம் உங்களுக்குச் சொந்தம் இருந்தா, இந்தப் பங்குனிக்கு ஊருக்குப் போங்க. வேப்பம்பூ கொட்டிக் கிடக்கும், தெருவெல்லாம் மஞ்சளா இருக்கும். தீச்சட்டி பார்த்துட்டு வந்து, வீட்டில் இருக்கிற அப்பத்தாகிட்டயோ அம்மாச்சிகிட்டயோ உட்காருங்க. "நீங்க பருத்தி எடுக்கப் போயிருக்கீங்களா?"ன்னு கேளுங்க. போனில் ரெக்கார்டை ஆன் பண்ணிடுங்க. எந்தக் கணக்கிலும் ஏறாத பெயர் அவங்களோடது. அதை எழுதி வைக்க இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருக்கு.