யாழுக்கு அடங்காத பாட்டும் காதுக்குள் வந்த கச்சேரியும்

காரைக்காலுக்கு மேற்கே, திருநள்ளாறு போகிற பக்கத்தில் இருக்கிறது தருமபுரம். பேரைச் சொன்னதும் பலர் மயிலாடுதுறையை ஒட்டிய ஆதீனத்தைத்தான் நினைப்பார்கள். அது வேறு. இது யாழ்மூரிநாதர் கோயில் இருக்கிற தருமபுரம். ஒரு வாத்தியம் ஒரு பாட்டிடம் தோற்றது, அந்தத் தோல்வியின் பேரால் சாமியையே அழைக்கிறார்கள். இப்படி இன்னொரு ஊர் எனக்குத் தெரிந்து இல்லை.

கதையை விரிவாகச் சொல்பவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். சம்பவம் நடந்தது அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு. ஞானசம்பந்தர் பதிகம் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதை யாழில் வாசித்தபடி ஊர் ஊராகக் கூடவே போகிறார். தருமபுரம் பாணருடைய தாய் பிறந்த ஊர். சொந்தக்காரர்கள் விடுவார்களா? "நீ யாழில் வாசிப்பதால்தான் அந்தப் பதிகங்களுக்கு இவ்வளவு புகழ்" என்று பெருமை பேசிவிடுகிறார்கள். பாணருக்குத் தாங்கவில்லை. நேரே சம்பந்தரிடம் போய், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி கேட்டுக்கொள்கிறார். சம்பந்தர் பாடுகிறார், பாணரால் வாசிக்க முடியவில்லை. இந்தக் கருவியால்தானே இத்தனையும் என்று யாழை ஓங்கி உடைக்கப் போகிறார். சம்பந்தர் தடுத்து அதைத் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். இறைவன் பெருமை இந்தக் கருவிக்குள் அடங்குமா, அடங்கிய அளவுக்கு வாசியும் என்று திருப்பிக் கொடுக்கிறார். அன்றைக்குப் பிறந்த பண்ணுக்கு யாழ்மூரி என்றே பேர். தேவாரத்தில் அந்தப் பண்ணில் இந்த ஒரு பதிகம்தான், பதினோரு பாட்டு. இன்றைய ஓதுவார்கள் அதை அடாணாவில் பாடுகிறார்கள்.

யாழ் ஏன் தோற்றது என்பதற்கு இசை தெரிந்தவர்கள் பலர் சொல்லும் விளக்கம் எளிமையானது. யாழில் நரம்புக்கு ஒரு சுரம். வீணைக்காரர் மெட்டின்மேல் தந்தியை இழுத்துச் சுரத்தை வளைப்பதுபோல அதில் வளைக்க முடியாது. தொண்டையோ ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும், அசையும், பாதி வழியில் திரும்பும். அடாணாவைக் கொஞ்சம் கேட்டாலே புரியும். மேல் சட்ஜத்தைச் சுற்றிச் சுற்றி வரும் ராகம் அது. நிஷாதத்தைப் பிடித்து நிறுத்தும்போது அது சும்மா நிற்காது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடம்தான் பாட்டு. நரம்பு இருந்தது, அந்த இடத்துக்கு நரம்பு இல்லை.

குரல் போகிற வழியெல்லாம் ஒரு பொருளால் கூடவே போக முடியுமா என்ற இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால், ஹெட்போன் பிறந்த கதையும் இதன் பங்காளிக் கதைதான்.

சாஸ்திரிய சங்கீதத்தைக் காதில் வைத்துக் கேட்கும் பழக்கம் 1881இல் பாரிஸில் தொடங்கியது. அப்போது காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த ஊர். பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் க்ளெமான் அதேர் என்ற பொறியாளர் ஒரு வேடிக்கை காட்டினார். ஓப்பரா அரங்கின் மேடை விளிம்பில் மைக்குகளை வரிசையாக வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கண்காட்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். கேட்பவருக்கு இரண்டு ரிசீவர்கள், காதுக்கு ஒன்று. பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடந்தால் காதிலும் நடந்தார். ஸ்டீரியோ என்ற பேச்சே இல்லாத காலம்! 1890இல் இது தியாத்ரோஃபோன் என்ற பேரில் சந்தா கட்டிக் கேட்கும் சேவையாகிவிட்டது. நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் 1911இல் சந்தாதாரர் ஆகி, படுக்கையிலிருந்தபடியே வாக்னரையும் தெபுஸ்ஸியையும் கேட்டார்.

ஆனால் அந்த ரிசீவருக்குள் இருந்தது காந்தம் இழுக்கிற ஓர் இரும்புத் தகடு. பேச்சுக்குப் போதும், பாட்டுக்கு அது கனம். ஓர் அசைவை முடித்து அடுத்ததற்குத் திரும்புவதற்குள் குரல் எங்கோ போயிருக்கும். யாழ் நரம்பின் சங்கடமேதான், வேறு உருவத்தில். அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தகட்டை இளைக்கவைத்த முயற்சி. 1910இல் அமெரிக்காவின் யூட்டாவில் நாதானியல் பால்ட்வின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கையாலேயே ஹெட்போன் செய்து கடற்படைக்கு அனுப்பினார். அது சமிக்ஞை கேட்பதற்கு. 1937இல் பெர்லினில் பேயர் நிறுவனத்தின் டிடி 48 வந்தபோது, தகட்டுக்குப் பதில் சவ்வில் ஒட்டிய கம்பிச்சுருள் அசைந்தது. பெரிய திருப்பம் அது. 1958இல் மில்வாக்கியில் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை வீட்டுப் பொருளாக்கினார். ஜப்பானின் ஸ்டாக்ஸ் இன்னும் ஒரு படி போய், 1960இல் கம்பிச்சுருளையே எடுத்துவிட்டது. மின்னேற்றிய, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலம், இரு பக்கமும் மின்தகடு, அவ்வளவுதான்.

எனக்கு இவற்றிலெல்லாம் பிடித்தது 1968தான். அந்த ஆண்டு ஜெர்மனியின் சென்ஹைசர் எச்டி 414ஐக் கொண்டுவந்தது. அதுவரை ஹெட்போன் என்றால் காதை மூடுகிற கிண்ணம். இவர்கள் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். ஓசை வெளியே கசியும், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், வெளிச்சத்தம் உள்ளே வரும். பேருந்தில் போட்டுக்கொண்டு போக உதவாது. ஆனால் கிண்ணத்துக்குள் முட்டி மோதித் திரும்புகிற எதிரொலி போய்விட்டது, பாட்டுக்கு மூச்சு வந்தது. மஞ்சள் பஞ்சு வைத்த அந்த எளிய சாமான்தான் இன்றைக்கு லட்ச ரூபாய்க்கு மேல் விற்கிற திறந்த முதுகு ஹெட்போன்களுக்குப் பாட்டனார். இதே நிறுவனம் 1991இல் ஆர்ஃபியஸ் என்று ஒன்றை முன்னூறே செட் செய்து விற்றது. விலையைப் பேசினால் வயிற்றெரிச்சல், விட்டுவிடுவோம்.

காரைக்காலில் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு திறந்த முதுகு ஹெட்போன் கைக்குக் கிடைத்தது. 300 ஓம் ரகம். கைபேசியில் நேரே செருகினால் தூரத்து ரேடியோபோல முனகும், தனியாக ஆம்ப்ளிபயர் வேண்டும். யாழ்மூரி பிறந்த இடம் இவ்வளவு பக்கத்தில் இருக்க வேறு எதைப் போடுவது? ஓதுவார் ஒருவர் பாடிய பதிகத்தையே போடச் சொன்னேன்.

டெல்டாக்காரர்களுக்குத் தேவாரம் குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான் பழக்கம். மார்கழி விடியலில் கோயிலில் போடுவார்கள், நாலு தெரு தாண்டி வரும்போது குரலின் அடியும் போயிருக்கும், நுனியும் போயிருக்கும். நடுப்பகுதி மட்டும் தகரத்தில் உரசிக்கொண்டு வரும். அதையே இத்தனை காலம் பக்தியாக நினைத்துக் கேட்டிருக்கிறோம். இங்கே முதலில் வந்தது குரல்கூட இல்லை, குரலுக்கு முந்திய மூச்சு. பாடத் தொடங்குமுன் ஓதுவார் மூக்கால் இழுத்துக்கொண்ட காற்று. அப்புறம் தாளம். இரண்டு வெண்கலக் கிண்ணங்கள் தட்டிக்கொண்டதும் "டிங்" என்று முடிந்துவிடும் என்றுதான் இதுவரை எண்ணம். இதில் தட்டிய பிறகும் அந்த நாதம் நெளிந்து, மெலிந்து, அடுத்த தட்டுக்குச் சற்று முன்புவரை போய்க்கொண்டே இருந்தது. திருக்கோலக்காவில் பாலன் சம்பந்தர் கைக்குப் பொற்றாளம் வந்ததையும், அதற்கு ஓசை கொடுத்த அம்பாள் இருப்பதையும் புராணமாகப் படித்திருக்கிறேன். தாளத்துக்கு ஓசை என்று தனியாக ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் காதுக்கு உறைத்தது. நிஷாதம் அசையும்போது மேல் சட்ஜத்தைத் தொட்டும் தொடாமலும் திரும்புகிற இடம் துலக்கமாக இருந்தது. பாணர் எந்த இடத்தில் கையைத் தூக்கியிருப்பார் என்று ஊகிக்கலாம்போல.

ஏமாற்றமும் உண்டு. வெளிநாட்டு விமர்சனங்கள் இந்த ரக ஹெட்போனில் முதலில் புகழ்வது மேடையின் அகலத்தை. வயலின் வரிசை இடப்பக்கம், செல்லோ வலப்பக்கம், மணி எங்கோ பின்னால் என்று நூறு பேர் வாசிக்கிற சிம்பொனியைப் பிரித்துக் காட்டும். நம் பழைய பதிவுகளில் பெரும்பாலானவை மோனோ. அகலத்துக்குக் கொடுத்த காசு வீண். ஓதுவாரும் தாளமும் சுருதிப்பெட்டியும் நடு நெற்றிக்குள் ஒரே புள்ளியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். இன்றைய கச்சேரிப் பதிவுகளில் வேறு தொல்லை. மிருதங்கத்தின் வலந்தலை ஒரு காதிலும் தொப்பி மறு காதிலுமாக விரிந்து, வாசிப்பவருக்கு ஆறடி கை இருப்பதுபோல ஒலிக்கும். கலவை செய்தவரின் கைங்கரியம். நல்ல ஹெட்போன் அதையும் மறைக்காது.

இரவு டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையும் போட்டுப் பார்த்தோம். பழைய 78 சுழற்சி இசைத்தட்டிலிருந்து எடுத்தது. ஊசி கீறும் சத்தம் முன்பைவிடத் துல்லியமாகக் கேட்டது, விரலும் மூச்சும் தெரிந்தன, ஆனால் நாகசுரம் வரவில்லை. அது தெருவுக்காகச் செய்த வாத்தியம். நாலு மாட வீதியும் திறந்த வானமும் இருந்தால்தான் அதன் முழு உடம்பு விரியும், கூட வருகிற தவில் காதைவிட மார்புக்கூட்டில்தான் விழும். காதோரத்தில் அசைகிற சின்னச் சவ்வு எத்தனை மெல்லியதானாலும் மார்பில் அடிக்காது. ஓதுவார் குரலுக்கு, வீணைக்கு, தம்புராவுக்கு இந்தப் பணத்தைத் தாராளமாகப் போடலாம். நாகசுரத்தில் மல்லாரி கேட்க ஆசைப்பட்டால் ஏதாவது ஒரு சுவாமி புறப்பாட்டுக்குப் போய் வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் நடப்பதுதான் சரி, அதற்குச் செலவும் இல்லை.