வீடு தேடி வந்த உஸ்தாத்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆசிரியரை அமர்த்திப் பாடம் சொல்லிக்கொடுப்பது இக்காலத்தில் தோன்றிய புதுமை எனப் பலரும் கருதுகின்றனர். கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர், மொழிப் பாடத்துக்கு ஒருவர் என மாலைதோறும் ஆசிரியர்கள் வந்து போவதைக் காண்போர் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் இவ்வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது என்பதை இஸ்லாமிய நாகரிக வரலாறு நமக்கு அறிவிக்கின்றது.

அப்பாஸியர் காலத்தில் வீட்டாசிரியரை ‘முஅத்திப்’ என்றழைத்தனர். ‘அதப்’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. அதப் என்பது நல்லொழுக்கத்தையும் குறிக்கும். இலக்கியக் கல்வியையும் குறிக்கும். கலீஃபா ஹாரூன் ரஷீதின் மைந்தர்களான அமீனுக்கும் மஃமூனுக்கும் ஆசிரியராக அமைந்தவர் இலக்கண மேதை அல்-கிஸாஈ ஆவார். அரண்மனையோடு இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. அதிகாரிகளின் இல்லங்களிலும் பரவிற்று. அதற்குச் சிறந்த சான்று இப்னு ஸீனாவின் இளமைக் கல்வியாகும்.

இப்னு ஸீனா கி.பி. 980-இல் புகாராவை அடுத்த அஃப்ஷனாவில் பிறந்தார். தந்தையார் ஸாமானீ அரசின் அதிகாரி. குடும்பம் புகாராவில் குடியேறிய பின்னர், மகனுக்குத் திருக்குர்ஆன் ஓதிக்கொடுக்கவும் இலக்கியம் கற்பிக்கவும் தந்தையார் ஆசிரியர்களை அமர்த்தினார். பத்து வயதுக்குள் மகன் அவ்விரண்டிலும் தேறினார். இந்தியக் கணக்கு முறையை அறிய அவரை ஒரு காய்கறி வணிகரிடம் அனுப்பினார் தந்தை. கல்வி எவரிடம் உள்ளதோ அவரே ஆசிரியர் என்னும் தெளிவு அவருக்கு இருந்தது.

அதன்பின் தத்துவக் கலை வல்லவரென அறியப்பட்ட அபூ அப்துல்லாஹ் நாத்திலீ புகாராவுக்கு வந்தார். தந்தையார் அவரைத் தம் வீட்டிலேயே தங்கச் செய்தார். மன்திக் என்னும் தர்க்கக் கலையின் தொடக்க நூலான ‘ஈஸாகூஜி’யோடு பாடம் தொடங்கிற்று. மாணவரின் விளக்கம் கேட்டு வியந்த உஸ்தாத், இப்பிள்ளையைக் கல்வியன்றி வேறெதிலும் ஈடுபடுத்த வேண்டாமெனத் தந்தையாரிடம் அறிவுறுத்தினார். யூக்ளிடின் வடிவ கணிதத்தில் முதல் ஐந்தாறு தேற்றங்களை மட்டுமே உடனிருந்து கற்பித்தார். எஞ்சியவற்றை மாணவரே தீர்த்தார். தாலமியின் வானியல் நூலான ‘அல்மஜிஸ்தி’யில் கடினமான பகுதி வந்தபோது, நீரே படித்துத் தீர்த்து எம்மிடம் காட்டும் என்று பணித்துவிட்டார். பின்னர் அவர் குர்கான்ஜ் நகருக்குச் சென்றார்.

மாணவரின் அறிவுக்கு ஈடுகொடுக்க இயலாத ஆசிரியர் என்று நாத்திலீயைக் குறைத்துப் பேசுவோர் உளர். இப்னு ஸீனாவின் தன்வரலாற்றிலும் அக்குறிப்பு உண்டு. நமக்கோ அவருடைய பெருமை அங்கேதான் புலனாகின்றது. தம் எல்லையை அவர் மறைக்கவில்லை. தம் ஊதியத்துக்காக மாணவரைப் பிடித்து நிறுத்தவுமில்லை. தனித்து நின்று போராடும் பழக்கத்தை விட்டுச் சென்றார். பிற்காலத்தில் அரிஸ்டாட்டிலின் தத்துவ நூல் விளங்காமல் அதனை நாற்பது முறை படித்தவர் அம்மாணவர். மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய ஃபாராபியின் சிறு நூலே இறுதியில் அதன் பொருளைத் திறந்தது. தன் முயற்சியும் வேண்டும், வழிகாட்டியும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று எதற்கு?

எல்லாப் பிள்ளைகளும் இப்னு ஸீனா ஆகிவிட மாட்டார்கள். சிலருக்கு ஆசிரியரின் துணை நெடுநாள் தேவைப்படலாம். எனினும் ஆசிரியர் இல்லாத வேளையில் ஒரு கணக்கையேனும் தானே தீர்க்க முயலாத பிள்ளைக்கு, எத்தனை ஆசிரியர் வந்தென்ன? வீட்டுக்கு ஆசிரியரை அழைக்கும் பெற்றோர், மகன் பெற்ற மதிப்பெண்ணை மட்டும் கேட்டு அமைதல் கூடாது. இவ்வாரம் அவன் தனியே தீர்த்தது எது என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு ஆண்டுதோறும் விடை வளருமாயின், கொடுத்த ஊதியம் வீணாகவில்லை என்று நாம் உறுதி கொள்ளலாம்.