மதுரை வட்டாரத்தில் எண்ணெய்க் காப்பு

மதுரை வட்டாரத்தில் எண்ணெய் தேய்க்கும் வழக்கம் கோயிலுக்கும் வீட்டுக்கும் பொதுவானது. மீனாட்சியம்மனுக்கு மார்கழியில் எண்ணெய்க் காப்பு உற்சவம் நடக்கிறது. நகருக்கு வடக்கே அழகர்கோவிலில், ஐப்பசி மாதம் அழகர் மலையேறி நூபுர கங்கைக்குச் சென்று, தைலம் சாத்தப்பட்டு, தீர்த்தமாடித் திரும்புகிறார்.

வீடுகளில் ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். தேய்த்தது மாடு சுற்றிய செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். எள் அரைபடும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரிய அது உதவும். உச்சியில் வைத்த எண்ணெய் நெற்றி, கன்னம், கழுத்து என்று இறங்கும். பிறகு சீயக்காயோ பயத்தமாவோ. முகத்துக்கென்று தனி மசாஜ் என்பது அழகு நிலையங்களோடு வந்தது. 20ஆம் நூற்றாண்டில் செக்குகளுக்கு மாற்றாக இயந்திர எண்ணெய் ஆலைகள் பெருகியபோது, தெற்கே விருதுநகர் நல்லெண்ணெய் வணிகத்தில் பெயர் பெற்றது.

வயது ஏற ஏறத் தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்தக் குறைவு கூடுதல். லினோலெயிக், ஒலெயிக் அமிலங்கள் மிகுந்த நல்லெண்ணெய் படலமாக நின்று, ஈரம் வெளியேறுவதை மட்டுப்படுத்துகிறது. தேய்ப்பதால் இரத்த ஓட்டம் சிறிது நேரம் கூடுகிறது. விழுந்துவிட்ட சுருக்கத்தை எண்ணெய்த் தேய்ப்பு அழிப்பதில்லை, விளம்பரங்கள் என்ன சொன்னாலும்.