மானிப்பாய் வாள்வெட்டுகள்: குற்றத்தின் வேர் எங்கே?

மானிப்பாய் என்றதும் பழைய பத்திரிகைக்காரனாகிய என் நினைவுக்கு முதலில் வருவது அங்கிருந்த அமெரிக்க மிசன் அச்சகமே. 1842இல் அங்கு அச்சேறிய யாழ்ப்பாண அகராதியை மானிப்பாய் அகராதி என்றே அறிஞர் அழைத்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்ததும் அவ்வூரிலேதான். ஆனால், 2009இல் போர் முடிந்தபின் செய்தி வாசிக்கத் தொடங்கிய தலைமுறைக்கு அவ்வூரின் பெயர் வாள்வெட்டோடு சேர்ந்தே அறிமுகமாகியது.

2014 சனவரியில் 'ஆவா குழு' என்ற பெயரில் இளைஞர் பலர் கைதாயினர். 2019 யூலை 20ஆம் திகதி மோட்டார் சைக்கிள்களில் வந்த குழுவொன்றின்மீது பொலிஸார் மானிப்பாயில் சுட்டதில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். கைது, விளக்கமறியல், பிணை, மீண்டும் கைது என்ற சக்கரம் இடையறாது சுழன்றது. யார், எங்கே, எப்போது என்று நாங்கள் எழுதினோம். ஏன் என்ற கேள்விக்குப் பத்திரிகையில் இடம் இருக்கவில்லை.

வறுமையே காரணம் என்பது எளிதான விடை; அது போதாது. 1990 முதல் 1995 வரை குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்திற்கும் மக்கள் அலைந்த காலம் அது. ஆயினும் இத்தகைய தெருக்குழுக்கள் அன்று தலையெடுக்கவில்லை. அந்த அமைதியில் அச்சத்திற்கும் பெரும் பங்குண்டு. அச்சம் நீங்கியபோது அதன் இடத்தை நிரப்ப வேறு கட்டுப்பாடு எதுவும் வளர்ந்திருக்கவில்லை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டேர்க்கைம் 1897இல் விளக்கிய நெறியின்மை நிலை இதற்கு நெருங்கியது. திடீர் மாற்றத்தில் பழைய நெறி தளர்ந்து புதியது உருவாகாதபோது மனிதனின் ஆசைக்கு எல்லை இல்லாமற் போகிறது என்றார் அவர். அமெரிக்கரான ரொபேர்ட் மேர்ட்டன் 1938இல் இதனை மேலும் விரித்தார். சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு, அதனை அடையும் நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைத்தால், எஞ்சியோருட் சிலர் குறுக்குவழியை நாடுவர் என்பது அவர் கருத்து. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பணத்தில் மோட்டார் சைக்கிள் வருகிறது. பரீட்சையில் தவறிய பிள்ளைக்கோ வேலையுமில்லை, ஊரில் மதிப்புமில்லை. இந்த இடைவெளியை நாம் அறியாதவர்களா?

சிக்காகோ நகரை ஆராய்ந்த ஷோ, மக்கே இருவரும் 1942இல் வேறொன்றைக் காட்டினர். ஒரே பகுதியில் ஓரினத்தார் போய் மற்றோரினத்தார் குடியேறியபோதும் இளையோர் குற்றம் அங்கே உயர்ந்தே இருந்தது. பிழை இரத்தத்தில் இல்லை; அயலின் கட்டுக்கோப்புக் குலைந்ததிலேயே உள்ளது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து நடந்ததை எண்ணிப் பாருங்கள். திரும்பி வந்தவர் சிலர்; வன்னிக்கும் கொழும்புக்கும் கடல் கடந்தும் போனவர் பலர். ஒழுங்கையில் நிற்கும் பையனை "நீ ஆற்றை பிள்ளை?" என்று கேட்க ஆளில்லாத ஊராயிற்று.

ஹவாட் பெக்கர் 1963இல் எழுதியது என்னையே சுட்டது. ஒருவனுக்குச் சமூகம் சூட்டும் பெயரே அவனை அப்பாதையில் நிலைநிறுத்திவிடும் என்றார். ஒரு சில பையன்களின் பட்டப்பெயரைத் தலைப்பெழுத்தில் அச்சிட்டு அதனை வீரப்பெயராக்கியதில் எங்களுக்கும் பங்குண்டு.

இனித் தீர்வு என்ன? ரொறொன்ரோவிலும் 1990களில் தமிழ் இளைஞர் குழுக்கள் மோதி உயிர்கள் போயின. 2001இல் பொலிஸார் பெருந்தொகையில் கைது செய்தனர். அதே காலத்தில் தமிழ் இளைஞர்களே அமைப்பாகி, தம்பி தங்கையரைப் படிப்பிலும் விளையாட்டிலும் சேர்த்தனர். சட்டமும் அரவணைப்பும் ஒருங்கே வேண்டும் என்பதே அதிற் கிடைக்கும் பாடம். இலங்கையிலும் சிறைக்குப் பதிலாகச் சமூகப் பணி விதிக்க வழிசெய்யும் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் 1999 முதல் உண்டு. வாளெடுத்து வெட்டியவனுக்கு அது பொருந்தாது. அவன் பின்னால் முதல்முறை போய் நின்ற பதினெட்டு வயதுப் பையனுக்குப் பொருந்தும்.

பழைய ஊர்க்கட்டுப்பாடு மீண்டால் போதும் என்போருக்கு ஒரு வார்த்தை. அக்கட்டுப்பாடு சாதியின் காவலாகவும் இருந்தது. அதை மீட்க வேண்டாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்த சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் போதும். ஊருக்குப் பணம் அனுப்பும் உறவுகள் கோயில் கோபுரத்தோடு இவற்றையும் எண்ணட்டும்.

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி மன்னனிடம் வேண்டினாள் மணிமேகலை. அவளுடைய கதையைப் பள்ளியில் மனனம் செய்த இனம் நாம். அதன் பொருளை இன்னும் படிக்கவில்லை.