கால்வாய்ப் படகில் குடியேறுவது: தொடங்குமுன் அறிய வேண்டியவை

லண்டன் அல்பேர்ட்டனில் ஈலிங் வீதிக்கு மரக்கறி வாங்கப் போகும் எம்மவர் பலர் அங்குள்ள பாலத்தின் கீழ் ஓடும் கால்வாயைப் பார்த்திருப்பார்கள். கரையோரம் நீண்டு ஒடுங்கிய படகுகள் கட்டப்பட்டிருக்கும். சிலவற்றின் புகைபோக்கியில் புகை எழும். கூரையில் விறகும் சைக்கிளும் கிடக்கும். அப்படியானவை பல, ஆண்டு முழுவதும் மனிதர் வாழும் வீடுகள். வாடகை சம்பளத்தை விழுங்கும் நகரத்தில், "நாங்களும் ஒரு படகை வாங்கினால் என்ன?" என்று எமது பிள்ளைகள் கேட்பது இயல்பே.

சுருக்கமான பதில் இதுதான்: படகை வாங்குவது இலகு, அதைக் கட்டிவைக்க இடம் கிடைப்பதே கடினம். ஆகவே படகைத் தேடுமுன் இடத்தைத் தேடுங்கள்.

யாருடைய கால்வாய்?

அல்பேர்ட்டன் ஊடாகச் செல்லும் கால்வாய்க் கிளை 1801இல் திறக்கப்பட்டது. சரக்கு ஏற்றிய காலத்திலேயே முழுக் குடும்பங்கள் படகின் சிறிய பின்னறையில் வாழ்ந்தன. அவர்களது நெரிசலையும் சுகாதாரத்தையும் ஒழுங்குபடுத்த 1877இல் சட்டமே வந்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளை, 2012 முதல், கனல் அன்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நிர்வகிக்கிறது. ஸ்கொட்லாந்துக் கால்வாய்களுக்கும் தேம்ஸ் நதிக்கும் வேறு நிர்வாகங்கள் உள்ளன.

மூன்று பத்திரங்கள் கட்டாயம்: நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ், மூன்றாம் தரப்புக் காப்புறுதி, படகு அனுமதிப்பத்திரம்.

இரண்டு வழிகள்

முதலாவது, நிரந்தரக் கட்டுமிடம். இதில் கவனம் தேவை. பெரும்பாலான கட்டுமிடங்கள் பொழுதுபோக்குப் படகுகளுக்கு உரியவை. அங்கே குடியிருக்க ஒப்பந்தம் இடம்தராது. குடியிருக்கத் திட்டமிடல் அனுமதி பெற்ற இடங்கள் குறைவு, லண்டனில் விலையும் அதிகம். அங்கே கவுன்சில் வரியும் வரக்கூடும்.

இரண்டாவது, கட்டுமிடம் இல்லாமல் தொடர்ந்து நகர்ந்துகொண்டே வாழ்வது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நியாயமான காரணம் இல்லாவிட்டால் ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்க முடியாது. இரண்டு பாலங்களுக்கு இடையே போய்வருவதும் போதாது. ஆண்டு முழுவதும் 20 மைலுக்குக் குறைந்த எல்லைக்குள் நகர்ந்தால் அது போதுமானதாகக் கருதப்பட வாய்ப்பில்லை என்பது அறக்கட்டளையின் நிலைப்பாடு. விதியை மீறினால் அனுமதிப்பத்திரம் மறுக்கப்படலாம். இறுதியில் படகே அகற்றப்படலாம். 2024 ஏப்ரல் முதல் இவ்வகைப் படகுகளுக்கு மேலதிகக் கட்டணமும் உண்டு.

விலாசம் என்னும் கேள்வி

எம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதுவே முதன்மையானது. ஊரில் வீட்டை இழந்து, பிறகு அகதி விண்ணப்பத்தில் ஒவ்வொரு விலாச மாற்றத்தையும் எழுதிக் கொடுத்த எமக்கு, ஒரு கடிதம் வந்துசேராவிட்டால் என்ன நடக்கும் என்பது தெரியும். விசா விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களும் குறிப்பிட்ட கால விசாவில் இருப்பவர்களும் உள்துறை அமைச்சுக்குச் சரியான தொடர்பு விபரம் கொடுத்திருக்க வேண்டும். நகரும் படகுக்குத் தபால் வராது. கடிதங்களைப் பொறுப்பாகப் பெற்று அன்றே அறிவிக்கும் உறவினர் வீடொன்று இல்லாமல் இந்த வாழ்வைத் தொடங்க வேண்டாம்.

ஆயினும் சில உரிமைகள் விலாசம் இல்லாமலும் உண்டு. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவுசெய்ய விலாசச் சான்று கட்டாயமல்ல. நிரந்தர விலாசம் இல்லாதவர்கள் "உள்ளூர்த் தொடர்புப் பிரகடனம்" செய்து வாக்காளராகப் பதியலாம். வதிவிட அனுமதியுள்ள இலங்கை, இந்தியக் குடியுரிமையாளருக்கும் பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் வாக்குரிமை உண்டு. பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருந்தால், நகரும் வழியைவிட நிரந்தரக் கட்டுமிடமே பொருத்தம்.

படகை வாங்கும்போது

வழமையான ஒடுங்கிய படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். நீளம் 57 அடியளவில் இருந்தால் கால்வாய்களின் பெரும்பகுதியில் செல்லலாம். அகலப் படகில் இடம் அதிகம். ஆனால் 7 அடி லொக்குகளுக்குள் நுழையாது. (லொக் என்பது இருபுறமும் கதவுள்ள தொட்டியில் நீரை நிரப்பியும் வெளியேற்றியும் படகை ஏற்றி இறக்கும் அமைப்பு.)

சாதாரண வீட்டுக்கடன் படகுக்குக் கிடைக்காது. நிலம் சேராததால் வீட்டைப் போல விலை ஏறும் என எதிர்பார்க்கவும் கூடாது. பாவித்த படகானால், அதை நீரிலிருந்து தூக்கி அடித்தகட்டின் தடிப்பை ஒரு தகுதிபெற்ற பரிசோதகர் அளக்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். அனுமதிப்பத்திரம் உரிமைச் சான்று அல்ல. விற்பனைப் பத்திரத்தையும் பழைய கடன் ஏதும் நிலுவையில் இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். வாங்கிய பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிப்பகுதிக்குக் கறுப்புப் பூச்சு பூச வேண்டும்.

அன்றாடம்

தண்ணீர்த் தொட்டியைக் கரையிலுள்ள குழாய்களில் நிரப்ப வேண்டும். அவற்றுக்கு ஒரு பொதுத் திறப்பு உண்டு. கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு நீரை எண்ணிப் பாவிப்பது புதிதல்ல. மலசலகூடக் கழிவை அதற்கான இடத்திற்கு நாமே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மின்சாரம் பற்றரியிலிருந்தும் சூரியத் தகட்டிலிருந்தும் வரும். டிசம்பரில் சூரியன் உதவாது, இயந்திரத்தை ஓடவிட வேண்டும். சமையலுக்குப் புரப்பேன் காஸ் சிலிண்டர் வாங்குங்கள்; பியூட்டேன் உறைகுளிரில் வேலை செய்யாது. நவம்பர் முதல் மார்ச் வரை திருத்தவேலைக்காகப் பல லொக்குகள் மூடப்படும் என்பதால் பயணத்தை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

உயிர் காக்கும் நான்கு விடயங்கள்

ஒன்று: விறகு அடுப்பு, காஸ் அடுப்பு, ஜெனரேற்றர் ஆகியவற்றிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. அதைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி 2019 முதல் கட்டாயம்.

இரண்டு: குளிர் வருகிறதென்று காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்காதீர்கள். இறைச்சி சுடும் கரி அடுப்பை, அணைந்துவிட்டது என்று நினைத்தாலும், உள்ளே கொண்டுவராதீர்கள்.

மூன்று: லொக்கில் இறங்கும்போது பின்கதவருகே நீருக்கடியில் ஒரு கட்டுப்படி இருக்கும். சுவரிலுள்ள வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் படகை வைத்திருங்கள். பின்பகுதி படியில் தங்கினால் படகு சில நிமிடங்களில் மூழ்கலாம்.

நான்கு: பிள்ளைகள் வெளித்தளத்தில் நிற்கும்போது மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும்.

வாங்குமுன் செய்யக்கூடிய மலிவான சோதனை ஒன்று உண்டு. கோடையில் அல்ல, பெப்ரவரியில் ஒரு கிழமைக்குப் படகொன்றை வாடகைக்கு எடுத்து, அதிலிருந்தே வேலைக்கும் பாடசாலைக்கும் போய்வந்து பாருங்கள். ஈர விறகும் காலைக் குளிரும் கழிவுப் பெட்டியும் பழகிய பின்னரும் ஆசை குறையவில்லையென்றால், முதலில் கட்டுமிடத்துக்கு விண்ணப்பியுங்கள். அதன் பிறகு படகைப் பார்க்கலாம்.