கைப்பக்குவம்: மிளகாய் அரைத்த கைகளின் வரலாறு

மிளகாய் சாஸ் புட்டிகள் அடுக்கியிருக்கும் கடை அலமாரியை ஒருமுறை நின்று படித்துப் பாருங்கள். ஒரு புட்டியில் மெக்சிகோ நாட்டு மாநிலம் ஒன்றின் பெயர். இன்னொன்றில் தாய்லாந்தின் கடலோர ஊர் ஒன்றின் பெயரும் ஒரு சேவல் படமும். இவற்றைத் தொடங்கிய ஆண்களின் கதைகள் நூல்களாகவும் ஆவணப்படங்களாகவும் வந்துவிட்டன. ஆனால் மிளகாயை உப்போடு நசுக்கிக் குழம்பாக்கும் வேலை, எந்த நிறுவனமும் பிறப்பதற்கு முன்பே அடுக்களைகளில் நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு நம் மொழி ஒரு பாராட்டுச் சொல் வைத்திருக்கிறது: கைப்பக்குவம். அளவு தெரிந்தவள், வெயில் தெரிந்தவள், புளிப்பின் நாள்கணக்குத் தெரிந்தவள் என்று யாரும் சொல்வதில்லை. ‘அவ கை அப்படி’ என்று முடித்துக்கொள்கிறார்கள். அறிவு கைக்குப் போய்விடுகிறது; கைக்குரியவள் காணாமல் போகிறாள். ஆண் செய்தால் அது செய்முறை, காப்புரிமை, தொழில். பெண் செய்தால் கைராசி. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதை மிளகாயை வைத்தே பார்க்கலாம்.

சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்றால் மிளகு. அந்தப் பாடல்களில் வரும் எந்தப் பெண்ணும் மிளகாயைக் கண்ணால் பார்த்ததில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் நம்ப மறுப்பார்கள்; மிளகாய் இல்லாமல் என்ன குழம்பு வைத்திருப்பார்கள் என்று கேட்பார்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. மிளகைப்போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘கொச்சிக்காய்’ என்ற பெயர் கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகிறது. கப்பலையும் துறைமுகத்தையும் வணிகரையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. மிளகு அரைத்துப் பழகிய அம்மியில் முன்பின் தெரியாத ஒரு காயை வைத்து, எத்தனை போட்டால் நாக்கு தாங்கும் என்று கண்டுபிடித்த அடுக்களைச் சோதனைகளைப் பற்றி அது பேசுவதில்லை.

மிளகாயின் தாய்நிலத்தில் கதை இன்னும் பழையது. மெக்சிகோவில் மிளகாய் பயிராகி ஆறாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அஸ்டெக் மக்களின் நவாட்டில் மொழியில் ‘மொல்லி’ என்றால் அரைத்த குழம்பு. ‘சில்மொல்லி’ என்றால் மிளகாய்க் குழம்பு. நாம் இன்று சாஸ் என்று அழைப்பதன் மூதாய் அதுதான். அதை அரைக்க எரிமலைக் கல்லில் குடைந்த முக்கால் உரல் ஒன்று உண்டு. மொல்காஹெதே என்ற அதன் இன்றைய பெயருக்கும் வேர், குழம்புப் பாத்திரம் என்ற பொருள் தரும் நவாட்டில் சொல்லே. 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பாதிரியார் நவாட்டில் முதியவர்களிடம் கேட்டுத் தொகுத்த பெருநூலில், சந்தையில் மிளகாய் விற்பவர்களும் விதவிதமான மிளகாய்க் குழம்பு விற்பவர்களும் வருகிறார்கள். ஆக, இது வீட்டுக்குள் முடங்கிய வேலை மட்டுமன்று. சந்தைக்கு வந்து காசாக மாறிய அறிவு.

அதே காலத்தைச் சேர்ந்த மெந்தோசா சுவடி, 1540களில் மெக்சிகோவில் வரையப்பட்டது. இப்போது ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. பிள்ளைகளை எந்த வயதில் எப்படி வளர்த்தார்கள் என்பதை அது படம்படமாகக் காட்டுகிறது. 11 வயதுப் பையனைத் தந்தை மிளகாய்ப் புகைக்கு மேல் பிடித்திருக்கிறார். பக்கத்தில் அதே வயதுப் பெண்ணைத் தாய் புகையின் முன் நிறுத்தியிருக்கிறாள். தண்டனை இருவருக்கும் பொது. இரண்டு வயது தாண்டியதும் பாதை பிரிகிறது: 13 வயதில் பையன் படகில் நாணல் ஏற்றி வருகிறான், பெண் அரைகல்லின் முன் மண்டியிட்டிருக்கிறாள். ‘வாயில மிளகாயத் தேச்சிருவேன்’ என்ற மிரட்டலைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் படம் அந்நியமாகத் தெரியாது. மிளகாய் பெண்ணுக்குத் தண்டனையாகவும் வந்தது, அன்றாடக் கடமையாகவும் வந்தது.

பிறகு புட்டிகளின் காலம். அமெரிக்காவின் லூசியானாவில் எட்மண்ட் மக்கில்ஹென்னி 1868இல் தன் முதல் வணிக விளைச்சலிலிருந்து டபாஸ்கோ சாஸைத் தயாரித்தார். 1870இல் காப்புரிமை பெற்றார். அரைத்த மிளகாயை உப்பிட்டுப் பீப்பாயில் ஊறவைத்து வினிகர் சேர்ப்பது அவர் முறை. செடிகள் வளர்ந்த தீவு அவருடைய மனைவி மேரி எலைசா ஏவரியின் குடும்பத்துச் சொத்து. அடிமைகளின் உழைப்பில் நடந்த கரும்புத் தோட்டம் அது. புட்டியில் இருப்பது அவர் பெயர். காலடியில் இருந்தது மனைவி வீட்டு மண்ணும் பெயரில்லாதவர்களின் வேர்வையும்.

தாய்லாந்தின் ஸ்ரீராச்சா என்ற கடலோர ஊரில் தனோம் சக்கபாக் என்ற பெண், வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் மிளகாய், பூண்டு, சர்க்கரை, உப்பு, வினிகர் சேர்த்து ஒரு சாஸ் செய்துகொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. சாப்பிட்டவர்கள் தூண்ட, ஸ்ரீராச்சா பானிச் என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கினார். 1984இல் அந்தப் பெயர் ஒரு பெரிய உணவு நிறுவனத்துக்குக் கைமாறியது. இதற்குள், வியட்நாமிலிருந்து ஏதிலியாக வந்த டேவிட் ட்ரான் 1980இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய நிறுவனம், சேவல் படம் போட்ட தன் சாஸுக்கும் அதே ஊரின் பெயரை வைத்து, அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நாடிழந்து வந்தவரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஊரின் பெயர் உலகைச் சுற்றியபோது அந்த ஊர்ப் பெண்ணின் பெயர் ஏன் ஏறவில்லை என்பதே கேள்வி.

விதிவிலக்கும் உண்டு. சீனத்தின் குய்ஜோ மாகாணத்தில், பள்ளிக்கூடம் போகாத, கணவரை இழந்து இரண்டு மகன்களை வளர்த்த தாவ் ஹுவாபி, 1989இல் ஒரு சிறு நூடுல்ஸ் கடை வைத்தார். தொட்டுக்கொள்ளக் கொடுத்த மிளகாய்க் கலவைக்காகவே ஆட்கள் வந்தார்கள். 1996இல் தொழிற்சாலை தொடங்கினார். ஒவ்வொரு புட்டியிலும் அவருடைய முகம், சிரிப்பில்லாமல், நேராகப் பார்க்கிறது. ஆனால் அங்கேயும் வணிகப்பெயர் ‘லாவ் கன் மா’, அதாவது முதிய ஞானத்தாய். முகத்தைக் காட்டலாம், பெயருக்குப் பதில் உறவுமுறைதான்.

1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் காரத்தை அளக்க ஒரு முறை வகுத்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, சுவைப்பவர்களுக்கு எரிச்சல் தெரியாமல் போகும்வரை நீர்த்துக்கொண்டே போவது. இன்றும் காரத்துக்கு அவர் பெயரில்தான் அளவு. அந்த அளவு நாக்கினுடையது. காம்பு கிள்ளி, கீறி, அரைத்து, அரைத்ததை வழித்த கைக்கு அளவுகோல் எதுவும் வரவில்லை. மிளகாயைக் கையாண்டவரின் கையெரிச்சல், ‘ஹுனான் கை’ என்ற பெயரோடு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இடம்பெற்றது 1981இல். ஆறாயிரம் ஆண்டு எரிச்சலுக்கு அப்போதுதான் பெயர் கிடைத்தது. என் அம்மா அந்த இதழைப் படித்தவரில்லை. ‘எண்ணெயத் தொட்டுக்கிட்டு அரைடி, வெறுங்கையோட இறங்காத’ என்பார். காரத்துக்குக் காரணமான காப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அம்மா சொன்னது வேதியியல். வீட்டில் அதற்குப் பெயர் பக்குவம்.

அந்தப் பக்குவத்தை அளவோடு எழுதிவைக்க வேண்டும் என்பதற்காக, நான் வீட்டில் சாஸ் செய்யும் முறையை இங்கே தருகிறேன். பழுத்த சிவப்பு மிளகாய் அரைக் கிலோ. கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு காம்பு கிள்ளவும். காரம் குறைய வேண்டுமானால் உள்ளேயிருக்கும் வெள்ளைத் தசையை எடுத்துவிடவும். காரம் குடியிருப்பது பெரும்பாலும் அங்கேதான், விதையில் இல்லை. 10 பல் பூண்டு, 15 கிராம் கல்லுப்பு சேர்த்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்கவும். கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் நிரப்பி, காற்றுப் போக மூடியைத் தளர்வாக வைக்கவும். தினமும் உலர்ந்த கரண்டியால் கிளறவும். இரண்டு மூன்று நாளில் குமிழ் வரும், புளிப்பு வாசம் எழும். இட்லி மாவில் நடப்பதுபோன்ற வேலைதான்: உப்பு கெடுக்கும் கிருமிகளை அடக்குகிறது, லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிப்பைத் தருகிறது. நம் ஊர் வெக்கைக்கு ஐந்து நாள் போதும். கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை படர்ந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். ஐந்தாம் நாள் 100 மில்லி வினிகரும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்த்து, சன்னலைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் நைசாக அரைத்து வடிகட்டி, சுத்தமான புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். ஆந்திரத்துப் பெண்கள் பழுத்த மிளகாயை உப்பும் புளியும் சேர்த்து இடித்து, ஜாடியில் சில நாள் ஊறவைத்துச் செய்யும் பண்டு மிரபகாய பச்சடி இதன் நெருங்கிய சொந்தம்.

ஜாடி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வரும். மாதவிலக்கு நாளில் ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது, தொட்டால் கெட்டுவிடும் என்பார்கள். மாதம் முழுக்கக் கைப்பக்குவம் உள்ள கை, மூன்று நாள் மட்டும் தீட்டுக் கையாகிவிடுகிறது. அந்த நாள்களிலும் நான் ஜாடியைத் திறந்து கிளறியிருக்கிறேன். சாஸ் வழக்கம்போலவே புளித்தது. பாக்டீரியாவுக்கு வேண்டியது உப்பும் வெக்கையும். நாள்காட்டி அதற்குத் தெரியாது. கையைப் புகழும் பேச்சும் கையை விலக்கும் பேச்சும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இரண்டுமே அந்தக் கை யாருக்குக் கட்டுப்பட்டது என்பதை நினைவூட்டத்தான்.

2023இல் இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கும் மண்ணுக்கும் உரிய மதிப்பு அது, மகிழ்ச்சிதான். அந்தக் கரிசல் காடுகளில் குனிந்து பழம் பறிப்பவர்களும், களத்தில் உட்கார்ந்து சோடை பொறுக்குபவர்களும் பெரும்பாலும் பெண்கள். குறியீடு மண்ணைச் சொல்கிறது. கூலியையும் எரியும் கண்ணையும் சொல்வதற்கு எந்தக் குறியீடும் இல்லை.

என் மாணவிகளிடம் நான் கேட்பது சிறிய வேலை. வீட்டில் யாரிடமிருந்து எதைக் கற்றீர்களோ, அதைக் கிராமிலும் நாளிலும் எழுதுங்கள். கற்றுத்தந்தவரின் முழுப்பெயரையும் எழுதுங்கள். ‘பாட்டி ரசம்’, ‘அம்மா பொடி’ என்று உறவுமுறையில் நிறுத்திவிடாதீர்கள். சாஸ் செய்தால் புட்டியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். மிளகாய் எந்த ஊர், உப்பு எத்தனை கிராம், அரைத்த தேதி எது, அரைத்தவர் யார்.