இலக்கு: 43 லட்சம்

1976 ஏப்ரல் 16. மத்திய சுகாதார அமைச்சர் கரண் சிங் தேசிய மக்கள்தொகைக் கொள்கையை அறிவித்தார். பெண்ணின் திருமண வயதை 18 ஆகவும் ஆணின் வயதை 21 ஆகவும் உயர்த்துவது, பெண் கல்விக்கு முன்னுரிமை தருவது என நல்ல அம்சங்கள் அதில் இருந்தன. கூடவே, மாநிலங்கள் விரும்பினால் கருத்தடையைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றலாம் என்ற அனுமதியும் இருந்தது. நெருக்கடி நிலை அமலில் இருந்ததால், அதை எதிர்க்க வேண்டிய தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். பத்திரிகைகள் தணிக்கையின் பிடியில் இருந்தன.

குடும்பக் கட்டுப்பாட்டை 1952இலேயே தேசியத் திட்டமாக்கிய முதல் நாடு இந்தியா. அத்திட்டத்தின் சின்னமான சிவப்பு முக்கோணம் ஊர் ஊராக விடுத்த வேண்டுகோள், நெருக்கடி நிலையில் உத்தரவாக மாறியது. அரசில் எந்தப் பொறுப்பும் வகிக்காத, பிரதமரின் மகன் சஞ்சய் காந்தி முடுக்கிவிட, மாநிலங்கள் போட்டி போட்டு இலக்கை உயர்த்தின. கலெக்டர் தொடங்கி பள்ளி ஆசிரியர் வரை ஆளுக்கொரு எண்ணிக்கை. கருத்தடைக்கு ஆள், அதாவது ‘கேஸ்’, பிடித்து வராத ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது. 1976 நவம்பரில் ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்தது. பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலருக்குக் கட்டாயமாகக் கருத்தடை செய்யப்பட்டது.

1976-77க்கு மத்திய அரசு வைத்த இலக்கு 43 லட்சம். நடந்ததோ சுமார் 82 லட்சம் அறுவை சிகிச்சைகள்; முக்கால்வாசி ஆண்களுக்கு. கருத்தடை தொடர்பாக 1,774 மரணங்கள் பதிவானதாக, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பின்னர் தெரிவித்தது. 1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

ஆட்சி மாறியது, அடுத்த ஆண்டே மொத்த கருத்தடைகள் பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கின. அவற்றில் ஆண்களின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். ஆண்களைத் தொட்டால் ஓட்டு போகும் என்று அஞ்சிய அரசுகள், எதிர்த்துப் பேச வழியற்ற பெண்கள் பக்கம் திரும்பின. ஆணுக்கான சிகிச்சை எளியது, ஆபத்து குறைந்தது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கருத்தடை செய்துகொண்ட மணமான பெண்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம்.

ஆண்கள்மீது அரசு செய்த வன்முறைக்கு இன்றுவரை விலை கொடுப்பவர்கள் பெண்கள். மக்களின் சம்மதத்தை மதிக்காத திட்டம், தான் கொண்ட நல்ல நோக்கத்தையே கெடுத்துக்கொள்ளும்.

எண்ணிக்கை இலக்குகளை மத்திய அரசு 1996இல் கைவிட்டது. பெண்களின் சுமை குறைந்ததா? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)